ரெட்மி வாங்கலாமா?

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நம்மவர் கையில் ரெட்மி செல்போன் நிறையத் தென்படுகிறது. சீனாவின் ஷாவ்மி நிறுவனம் 2014 ஜூலையில் இந்தியச் சந்தைக்கு வந்தது. ரெட்மி 1எஸ் என்ற போனை அவ்வாண்டே 5,999 ரூபாய்க்கு விற்றது.

மாதச் சம்பளக்காரருக்கு இதில் சௌகரியம் உண்டு. இரண்டு சிம் போடலாம். பாங்குக் கணக்கு ஊர் நம்பரில் இருப்பவர் அதை விட்டுவிட முடியுமா? ஆனால் சில மாடல்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான். கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள். பல மாடல்களில் பேட்டரி 5,000 எம்.ஏ.எச். இரவு டூட்டி பார்க்கும் எங்கள் ரயில்வே ஆட்களுக்கு அதன் அருமை தெரியும்.

பெரிய குறை, விளம்பரம். சாமான் விற்பனையில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் எடுப்பதில்லை என்று 2018இல் கம்பெனி அறிவித்தது. மீதியை நம் கண்ணிடம் வசூலிக்கிறார்கள்! போனோடு வரும் கம்பெனி ஆப்களில் விளம்பரம் குறுக்கிடுகிறது. செட்டிங்ஸில் போய்ப் பெரும்பாலானவற்றை நிறுத்தலாம்; அரை மணி வேலை. ஊரிலுள்ள தாயாருக்கு வாங்கி அனுப்புகிறவர்கள் அதை முடித்துவிட்டே அனுப்ப வேண்டும். எது விளம்பரம், எது பாங்குச் செய்தி என்று அவர் எப்படிப் பிரித்தறிவார்?

பில்லையும் கூடவே அனுப்புங்கள். வாரண்டிக்குக் கேட்பார்கள்.