பழைய பெட்டியில் புது ஒலி

ஹோம் தியேட்டரில் சீக்கிரம் காலாவதியாவது ஆம்ப்ளிஃபையர் அடங்கிய ரிசீவர்தான், ஸ்பீக்கர் அல்ல. டிவியின் இணைப்புகளும் ஒலி வடிவங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. காந்தம், வாய்ஸ் காயில், கோன் மூன்றும் சேர்ந்து காற்றை அசைக்கும் முறையோ, 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் வகுத்ததுதான். ஆகவே, கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியை நல்ல பழைய ஸ்பீக்கரில் போடுவதே லாபம்.

தாம்பரம் வட்டாரத்தில் அவை கிடைக்க வழிகள் உண்டு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய எலெக்ட்ரானிக் சாமான்கள் குவிகின்றன. வேளச்சேரி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் வேலை மாறி ஊர்விட்டுப் போகும் குடும்பங்களும் விற்கின்றன. உதிரிப் பாகங்களுக்கும் ரிப்பேருக்கும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது கோனைச் சுற்றியுள்ள விளிம்பு. அது ஃபோம் என்றால், கடலோர ஊர்களின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். விரல் பட்டாலே பொடியாகும். ரப்பர் விளிம்பு வெகுகாலம் தாங்கும். ஃபோம் போயிருந்தாலும் கோன் நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேட்க வேண்டும். அடுத்து, இரு பக்கமும் விரல் வைத்துக் கோனைச் சமமாக, மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் கெட்டிருக்கிறது.

சந்தையில் எல்லா இடத்திலும் மின்சாரம் கிடைக்காது. ஒரு 1.5 வோல்ட் பேட்டரியும் மல்டிமீட்டரும் போதும். பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் வூஃபர் ‘டப்’பென்று அசைய வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறக்குறைய 6 ஓம் காட்டும். ட்வீட்டரின் நிலை மட்டும் பாட்டுப் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

இந்தப் பகுதியில் இன்னொரு சோதனையும் அவசியம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது; முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அதன் பிறகும் தாழ்வான தெருக்கள் மழைக்கு மழை மூழ்குகின்றன. தண்ணீரில் நின்ற பெட்டியின் அடிப்பலகை உப்பியிருக்கும், மேலே ஒட்டிய தாள் கிளம்பியிருக்கும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்கக் கூடாது. காந்த இடைவெளியில் துரு ஏறிவிட்டால் சரிசெய்வது பெரும்பாடு.

எதை முதலில் மாற்றுவது? நடு ஸ்பீக்கரையும் முன்பக்க இரண்டையும்தான். சினிமாவின் வசனம் பெரும்பாலும் நடுவிலிருந்தே வருகிறது. அது தெளிவில்லாவிட்டால் மற்றவை எவ்வளவு முழங்கியும் பயனில்லை. மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருந்தால், குரல் இடமிருந்து வலம் நகரும்போது நிறம் மாறாது. பின்பக்க ஸ்பீக்கர்கள் காத்திருக்கலாம்.

டிவிடி பிளேயரோடு செட்டாக வந்த சின்ன ஸ்பீக்கர்களை ரிசீவரில் மாட்டுவது ஆபத்து. அவற்றில் பல 3 அல்லது 4 ஓம். 6 முதல் 8 ஓமுக்கு அமைந்த ரிசீவர் சூடேறி அணைந்துவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த ரிசீவர் என்றால் 120 வோல்ட்; ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். பின்பக்கம் அச்சிட்ட எண்ணைப் படித்த பிறகே பணம் எண்ண வேண்டும். சிங்கப்பூர், துபாய்ச் சரக்கில் பொதுவாக இந்தத் தொல்லை கிடையாது.

பழைய ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாதே என்று தயங்க வேண்டாம். செட்டாப் பாக்ஸை நேரே டிவியில் செருகி, டிவியின் ஆப்டிகல் வாயிலிருந்து ஒரு கேபிளை ரிசீவருக்கு இழுத்தால் பல டிவிகளில் டால்பி டிஜிட்டல் 5.1 வந்துவிடும். அட்மாஸ் மட்டும் அந்த வழியில் வராது. டிவியில் ஆப்டிகல் வாய் இல்லையென்றால் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. உள்ள ரிசீவராகத் தேட வேண்டும். அந்த வசதி 2009-இல் வெளியான எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்போடுதான் வந்தது.