உஷார்! ஒரு வாளித் தண்ணீர் போதும்

2019 அக்டோபர் 25, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுச் சிறுவன் ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தான். திண்டுக்கல்லில் இருந்து திருச்சி ரோட்டில் அய்யலூரைத் தாண்டினால் வந்துவிடும் ஊர்தான் மணப்பாறை. பண்டிகையை மறந்துவிட்டுத் தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. 29-ஆம் தேதி அதிகாலையில் சடலத்தைத்தான் எடுத்தார்கள்.

அந்த மீட்புப் பணியைத் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் தாயும் தகப்பனும் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத பிள்ளைக்காகப் பதறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவர்களுடைய இரண்டு வயது மகள் குளியலறைக்குப் போய்விட்டாள். அங்கே இருந்த தண்ணீரில் மூழ்கி இறந்துபோனாள்.

முதல் மரணத்துக்குப் பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பாழ்பட்ட போர்க்குழிகளை மூடச் சொல்லி உத்தரவுகள் பறந்தன. இரண்டாவது மரணம் ஓரிரு நாள் செய்தியாக வந்து போனது. குளியலறை வாளிக்கு எந்தக் கலெக்டரும் உத்தரவு போட முடியாது. அதனால்தான் சொல்கிறேன். திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் கைக்குழந்தை, தவழும் குழந்தை, தத்தித்தத்தி நடக்கும் குழந்தை உள்ள ஒவ்வொரு வீடும் உஷாராக இருக்க வேண்டியது முதலில் வீட்டுக்குள் பிடித்துவைத்திருக்கும் தண்ணீரிடம்.

நம் ஊரில் இந்த ஆபத்து கூடுதல். ஆத்தூர் காமராஜர் அணை, பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று எத்தனை வழியில் தண்ணீர் வந்தாலும், குழாயில் தினமும் வரும் என்று நம்பி யாரும் இங்கே குடத்தைக் காலியாக வைப்பதில்லை. தண்ணீர் விடும் நாளில் வீட்டில் உள்ள அத்தனை பாத்திரமும் நிரம்பும். நல்ல தண்ணிக்கு ஒரு வரிசை, போரில் வரும் உப்புத் தண்ணிக்கு இன்னொரு வரிசை. ட்ரம், அண்டா, குடம், பிளாஸ்டிக் டப், பெயின்ட் தீர்ந்துபோன 20 லிட்டர் வாளி. ஒற்றை அறையும் அடுப்படியும் மட்டுமே உள்ள வாடகை வீடுகளில் இதெல்லாம் குழந்தை தவழ்கிற அதே தரையில்தான் இருக்கும். நாகல் நகரிலோ பேகம்பூரிலோ அப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்து குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண்ணுக்கு எதிரே முதலில் தெரிவது தண்ணீர்ப் பாத்திரத்தின் விளிம்புதான்.

"இம்புட்டுத் தண்ணியில என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அரை வாளித் தண்ணீர் பெரியவர்களுக்கு முழங்கால் உயரம்கூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் குழந்தையின் உடம்பு வேறு மாதிரி அமைந்தது. பிறக்கும்போது அதன் உயரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தலை. ஒரு வயதிலும் உடம்போடு ஒப்பிட்டால் தலைதான் கனம். உள்ளே கிடக்கும் கப்பையோ பந்தையோ எடுக்க வாளியின் விளிம்பைப் பிடித்து எட்டிக் குனிகிறது. தலை முன்னால் போனதும் கால் தரையை விட்டு எழும்பிவிடும். தலைகீழாக உள்ளே போன பிறகு, கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளும் பலம் அந்தத் தோளில் கிடையாது. வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தால் அது கவிழவும் கவிழாது. மூக்கும் வாயும் மூழ்கும் அளவுக்குச் சில அங்குலத் தண்ணீர் போதும்.

அமெரிக்காவில் 5 காலன் வாளிகளின் மேல், குழந்தை தலைகீழாக உள்ளே விழுவதுபோன்ற எச்சரிக்கைப் படம் அச்சிடும் வழக்கம் இருக்கிறது. அங்கே பல குழந்தைகள் அந்த வாளிகளில் இறந்த பிறகு வந்த வழக்கம் அது. 5 காலன் என்பது சுமார் 19 லிட்டர். நம் வீட்டுக் குளியலறையில் கிடக்கும் பெயின்ட் வாளியும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே உயரம். நம்முடையதில் அந்தப் படத்தைப் பார்ப்பது அரிது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, சத்தம் வராது என்பதுதான். சினிமாவில் காட்டுவதுபோல் கையைக் காலை உதைத்து அலறினால்தானே அடுப்படியில் இருக்கும் அம்மா ஓடி வருவாள்? வாயும் மூக்கும் தண்ணீருக்குள் இருக்கும்போது அழுகை எப்படி வரும்? குழந்தை சத்தமில்லாமல் இருந்தால் விளையாடுகிறது என்று நினைக்கிறோம். தவழும் வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் திடீரென்று சத்தம் அடங்கினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். பிள்ளையை இழந்த வீடுகளில் பிறகு கேட்கிற ஒரே வாக்கியம், "இப்பத்தானே இங்கன வெளாண்டுக்கிட்டு இருந்துச்சு" என்பது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறத்தாழ நாலில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. இந்தச் சாவுகளை உன்னிப்பாக ஆராய்ந்த நாடுகளில் ஒன்று வங்கதேசம். அங்கே தெரியவந்தது இது: சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் வீட்டுக்கு மிக அருகிலேயே மூழ்குகிறார்கள். நேரம், காலை 9 மணியில் இருந்து மதியம் 1 மணி வரை. தாய் சமையலிலும் துவைப்பதிலும் இருக்கிற, தகப்பன் வேலைக்குப் போய்விட்ட, பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்ட நேரம்.

நம் மாவட்டத்து வீடுகளில் அந்த நேரம் எப்படி இருக்கிறது? வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போகும் தாய் ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பாள். நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்க விடியும் முன்பே போயிருப்பாள். குழந்தை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ இருக்கும். மூட்டு வலியோடு, மங்கிய கண்ணோடு, ஓடித்திரியும் ஒரு பிள்ளையின் பின்னால் அந்தக் கிழவி எத்தனை நேரம் ஓடுவாள்? சில வீடுகளில் ஏழு வயது அக்காதான் காவல். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. குழந்தை இறந்த வீட்டில் முதலில் தாயை ஏசுகிற பழக்கம் நமக்கு உண்டு. அதை எந்த விதத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தத் தாயாலும் பிள்ளையை நாள் முழுக்கக் கண் இமைக்காமல் பார்க்க முடியாது. அதனால்தான் கண்காணிப்பை மட்டும் நம்பாமல் தண்ணீரையே குழந்தைக்கு எட்டாமல் செய்ய வேண்டும் என்கிறேன்.

குளித்து, துவைத்து முடித்ததும் வாளியையும் டப்பையும் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். மறுநாளைக்கு வேண்டிய தண்ணீரா? மூடி போட்ட ட்ரம்மிலோ வாய் குறுகிய குடத்திலோ இருக்கட்டும். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் அடியுங்கள். வாடகை வீடு, ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் கதவை இழுத்துக் கயிற்றால் கட்டுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். வாசலில் யாராவது கூப்பிட்டாலும், துண்டை மறந்துவிட்டாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு நிமிடம்தானே என்று விட்டுப் போகக் கூடாது.

இன்னொரு ஆபத்து பலர் கவனிக்காதது. டெங்குக் கொசுவுக்குப் பயந்து ட்ரம்மின் வாயில் பழைய வேட்டியைக் கட்டிவைக்கிறோம். கொசு முட்டையிடாமல் இருக்க அது சரி. ஆனால் அது கெட்டியான மூடி என்று குழந்தை நினைக்கும். பக்கத்தில் கிடக்கும் முக்காலியில் ஏறி அதன்மேல் சாய்ந்தால் துணியோடு உள்ளே போய்விடும். இறுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் மூடி இரண்டுக்கும் உதவும்: ஏடிஸ் கொசுவும் நுழையாது, குழந்தையும் விழாது. ட்ரம் வாங்கும்போது மூடி இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள்.

சம்ப் உள்ள வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். மோட்டார் போடும்போது திறந்த மூடியை "தண்ணி நிறையட்டும்" என்று அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். துருப்பிடித்த தகரத்தை மேலே போட்டு ஒரு செங்கல்லை வைத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்தத் தகரத்தின்மேல் குழந்தை ஏறி நின்றால் என்னாகும்? கனமான மூடியைக் கொண்டியோடு பொருத்தி, ஒரு பூட்டுப் போடுங்கள். மாங்காய்ப் பூட்டுக்குப் பேர்போன ஊரில், பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில், சம்ப்புக்குப் பூட்டு இல்லாமல் இருப்பது அநியாயம். புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் கட்டட வேலைக்குத் தோண்டிய தண்ணீர்த் தொட்டி மாதக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. அங்கேயே தங்கி வேலை செய்யும் கூலிக்காரர்களின் பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் விளையாடுகின்றன. வீடு கட்டுகிறவர்களே, மேஸ்திரியிடம் சொல்லி இன்றைக்கே பலகை போட்டு மூடுங்கள்.

கிராமத்துப் பக்கம் மாட்டுக்கு வைத்திருக்கும் குளுதாடியைப் பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை எட்டிப் பார்க்கச் சரியான உயரம். மாடு குடித்த பிறகு பலகையால் மூடுங்கள். பண்ணைக்குட்டைகளில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருந்தால், விழுந்த பெரிய ஆள்கூட வழுக்கலில் ஏற முடியாமல் தவிப்பார். சுற்றிலும் வேலி வேண்டும், இறங்கி ஏறக் கயிறு கட்டியிருக்க வேண்டும். குஜிலியம்பாறை, வேடசந்தூர் வறண்ட காடுகளில் தண்ணீர் வராமல் கைவிட்ட போர்களைப் பற்றி உச்சநீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: தோண்டும்போது முள்வேலி, தோண்டியதும் இரும்பு மூடி, கைவிட்டால் அடியில் இருந்து தரைமட்டம் வரை மண், கல் போட்டு நிரப்ப வேண்டும். மேலே மட்டும் மண் போட்டு மூடினால் மழையில் உள்வாங்கிவிடும். நடுக்காட்டுப்பட்டியில் மூடியிருந்த மண் அப்படித்தான் உள்வாங்கியது.

இத்தனைக்குப் பிறகும் விபத்து நடந்துவிட்டால்? இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள். நம் ஊரில் தண்ணீரில் இருந்து எடுத்த குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுற்றுவார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பார்கள். இரண்டுமே கேடு. வயிற்றில் உள்ளது வாய்க்கு வந்து நுரையீரலுக்குள் போகும். பொன்னான நிமிடங்களும் வீணாகும். மூச்சில்லாமல் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதாகத் தொடங்கிவிடும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் அந்த நிமிடங்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

குழந்தையைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் 108-ஐக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போடட்டும். குழந்தை மூச்சு விடவில்லை என்றால், தாடையை லேசாக உயர்த்தி முதலில் ஐந்து முறை வாய்வழியாக மூச்சு ஊதுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் உங்கள் வாயால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். நெஞ்சு மேலெழும் அளவுக்கு ஊதினால் போதும். பிறகு நெஞ்சின் நடுவில், எலும்பின் கீழ்ப்பாதியில் அழுத்துங்கள். கைக்குழந்தைக்கு இரு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல், அதைவிடப் பெரிய பிள்ளைக்கு ஒரு உள்ளங்கை. நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில். 30 அழுத்தம், 2 மூச்சு. மறுபடி 30, 2. ஆம்புலன்ஸ் வரும் வரை, அல்லது குழந்தை தானாக மூச்சு விடும் வரை நிறுத்தக் கூடாது. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்பி வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். பிள்ளை கண் விழித்து அழுதுவிட்டாலும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும். மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கையால் செய்து பழகுவது வேறு. பொம்மையை வைத்து ஒருமுறை பழகியவர்களுக்குத்தான் அந்த நேரத்தில் கை நடுங்காமல் வரும். மகளிர் குழுக் கூட்டங்களிலும் அங்கன்வாடிகளிலும் கிராம சபைகளிலும் இந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள்.

வங்கதேசத்தில் 'ஆஞ்சல்' என்று பெயரிட்டு, ஊரிலேயே ஒரு வீட்டில் ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைக் காலையில் இருந்து மதியம் வரை பார்த்துக்கொள்ளும் காப்பகங்களை நடத்தினார்கள். அங்கே போன பிள்ளைகளிடம் மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்தது. 2022-ல் அந்த நாட்டு அரசே 8,000 காப்பகங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவே இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 2017-ல் திருத்திய மகப்பேறு சலுகைச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் வேண்டும் என்றது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் எழுதியது. திண்டுக்கல் சமவெளியில் மில் நடத்துகிறவர்களே, உங்கள் ஆலையில் காப்பகம் இருக்கிறதா, அதில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று இந்த வாரம் நேரில் போய்ப் பாருங்கள். மில்லுக்குப் போகும் தாய்மார்களே, கூச்சப்படாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். பக்கத்து வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால், இன்றைக்குப் போய் அந்த வீட்டுக் குளியலறை வாளியைப் பற்றிச் சொல்லிவிட்டு வாருங்கள். தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள்.