மைதானம் கேட்போம், பாதையையும் கேட்போம்



விளையாட்டு மைதானத்தைத் திருத்தினால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் மைதானம் பெருக, வாகனமும் பெருகும். நுவரெலியாவைப் பாருங்கள். 1889இல் வெள்ளைக்காரர் தொடங்கிய கோல்ப் மைதானம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. குதிரைப் பந்தயத் திடலும் உண்டு. ஏப்ரல் சீசனில் சனம் திரண்டால் அங்குள்ளவர்களுக்குப் பாதையைக் கடப்பதே பெரும்பாடு.

நம் தோட்டத்துப் பாதை அதைவிட ஒடுக்கம். கொழுந்து லொறியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போவது ஒரே வழியில்தான். மெச் நாளில் வானும் ஆட்டோவும் மறித்து நின்றால், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது?

இதைக் கேட்க வேண்டிய இடம் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாதென்று முன்பு சொல்லி வந்தார்கள். 2018இல் அது திருத்தப்பட்டது. இப்போது ரத்தோட்டை, உக்குவளை போன்ற சபைகள் தோட்டத்துப் பாதைக்கும் செலவிடலாம்.

ஆகவே மைதானத்துக்கு மனுக் கொடுக்கும்போதே மூன்று விசயத்தைச் சேர்த்து எழுதுவோம்: வாகனம் நிறுத்த இடம், நடப்பவர்களுக்கு ஓரப்பாதை, வேகத்தடை. வேலி போட்ட பிறகு இடம் தேடினால் கிடைக்காது.