நீரோடையின் சூழலியல் நலத்தை மதிப்பிடுதல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரச் சிற்றூர்களில் குடிக்கவும் குளிக்கவும் ஓடைநீரைப் பயன்படுத்துவோர் இன்றும் உள்ளனர். நீர் தெளிவாக இருந்தால் அது தூயது என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால் கரைந்த உப்புகளும் பூச்சிக்கொல்லிகளும் நீரின் நிறத்தை மாற்றுவதில்லை. நோய்க்கிருமிகள் கண்ணுக்குப் புலப்படுவதும் இல்லை. மழைக்குப்பின் சில நாட்கள் கலங்கி ஓடும் ஓடை, மாறாக, நல்ல நிலையிலேயே இருக்கக்கூடும்.

சூழலியல் நலம் என்பது என்ன?

ஓர் ஓடை தனக்கே உரிய உயிரினங்களைத் தாங்கி, தன்னில் விழும் இலைதழைகளையும் கழிவுகளையும் ஓரளவு தானே சிதைத்துக்கொள்ளும் ஆற்றலுடன் இருப்பதே அதன் சூழலியல் நலம் ஆகும். இதனை நீரின் வேதித் தன்மை, ஓடையின் வடிவமும் கரையும், அதில் வாழும் உயிரினங்கள் ஆகிய மூன்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

வேதிப் பரிசோதனையில் முதன்மையானது கரைந்த ஆக்சிஜன் அளவாகும். கடல்மட்ட அளவில், 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ளும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறையும். கரையோர மரங்களை வெட்டினால் நிழல் அகன்று நீர் சூடேறுகிறது. கழிவுநீர் எதுவும் கலக்காமலேயே ஓடை நலிவடைய இதுவும் ஒரு காரணமாகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி, திறந்தவெளிக் குளியலுக்குரிய நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும்.

உயிரினங்கள் கூறும் செய்தி

வேதிப் பரிசோதனை, மாதிரி எடுத்த நேரத்தின் நிலையை மட்டுமே காட்டும். இரவில் திறந்துவிடப்பட்ட சாயக்கழிவு விடிவதற்குள் கடந்து சென்றிருக்கலாம். ஓடையின் கற்களுக்கு அடியில் பல மாதங்கள் வாழும் பூச்சிகளின் இளவுயிரிகளோ எங்கும் தப்பிச் செல்ல இயலாதவை. ஆகவே அவற்றில் எவை உள்ளன, எவை இல்லை என்பது கடந்த பல மாதங்களின் நிலையை உணர்த்தும்.

ஸ்டோன்ஃபிளை என்னும் பூச்சியின் இளவுயிரி குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த நீரிலேயே வாழும். அதன் உடலின் பின்முனையில் இரண்டு வால்கள் இருக்கும். மேஃபிளை இளவுயிரிக்குப் பெரும்பாலும் மூன்று வால்கள். காடிஸ் பூச்சியின் இளவுயிரிகளுள் பல மணலையும் குச்சிகளையும் ஒட்டிச் சிறு கூடு கட்டிக்கொள்ளும். இம்மூன்றும் நிறைந்த ஓடை நல்ல நிலையில் உள்ளது எனலாம். இவை மறைந்து, கைரோனமிட் எனப்படும் சிவப்பு நிறப் புழுக்களும் சேற்றுப்புழுக்களும் மட்டும் பெருகியிருந்தால் கழிவுநீர் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. தும்பிகளின் இளவுயிரிகள் கொசுப்புழுக்களை உண்பவை. அவை அழிந்து நீர் தேங்கும் இடங்களில் கொசு பெருக வழி ஏற்படுகிறது.

மாதிரி எடுக்க, கற்களின்மேல் நீர் சலசலத்து ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலையை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் பிடித்து, அதற்கு மேற்பக்கமுள்ள கற்களைக் காலால் கிளறினால், விடுபடும் உயிரினங்கள் வலையில் சேரும். அவற்றை வெண்ணிறத் தட்டில் இட்டு, குடும்ப வாரியாக எண்ணிய பின் ஓடையிலேயே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. கிடைத்த குடும்பங்களின் சராசரியே ஓடையின் மதிப்பெண். பெருவெள்ளம் முடிந்து சில வாரங்கள் கழிந்த பின்னரே மாதிரி எடுத்தல் நன்று. வெள்ளம் அடித்துச் சென்ற உயிரினங்களின் இழப்பை மாசு எனத் தவறாகக் கருத நேரிடும்.

ஓரிடத்து முடிவை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்தல் ஆகாது. ஊருக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் ஒரே நாளில் மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்தபின் அடையும் மாற்றம் இத்தகைய ஒப்பீட்டின் தேவையை உணர்த்தும்.

நலமான ஓடைநீரைக் குடிக்கலாமா?

அப்படியே குடித்தல் கூடாது. உயிரின மதிப்பெண் உயர்வாக உள்ள ஓடையிலும் கால்நடை, காட்டுவிலங்குகளின் எச்சத்தால் ஈ.கோலை, ஜியார்டியா முதலியன கலந்திருக்கலாம். அவை இப்பூச்சிகளைப் பாதிப்பதில்லை. இந்தியத் தரநிலையின்படி குடிநீரின் 100 மில்லிலிட்டர் மாதிரியில் ஈ.கோலை அறவே இருத்தல் கூடாது. நீரை நன்கு கொதி வந்தபின் 1 நிமிடமும், உதகை போன்று 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள இடங்களில் 3 நிமிடமும் கொதிக்க வைத்துப் பருக வேண்டும். கொதிக்க வைத்தல் கிருமிகளை மட்டுமே அழிக்கும். உப்பும் பூச்சிக்கொல்லியும் அதனால் நீங்கா. தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் கீழ்ப்புறமுள்ள ஓடைநீரை ஆய்வகப் பரிசோதனையின்றிக் குடிநீராகக் கொள்ளுதல் கூடாது.

ஓடையில் இறங்குவோர் முழங்கால் வரையிலான ரப்பர் காலணி அணிய வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி காயங்களின் வழியே உடலினுள் புகும். எனவே காயமுள்ளோர் இறங்குவதைத் தவிர்த்தல் நலம். அதன்பின் காய்ச்சல், கடும் தசைவலி, கண்சிவப்பு ஆகியவை தோன்றினால், ஓடையில் இறங்கியதைத் தெரிவித்து அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரை அணுகவும். மீன்கள் திடீரெனச் செத்து மிதப்பதைக் கண்டால் அந்நீரைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தி, ஊராட்சிக்கும் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திற்கும் அன்றே தகவல் தரவும். அம்மீன்களை உண்ணுதலோ விற்றலோ கூடாது.