பொதிகையில் அரிது, கண்ணாடிக் குடிலில் தாராளம்

தாமிரபரணி பிறக்கும் அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஆர்க்கிட் ஒன்று உண்டு. பாஃபியோபெடிலம் ட்ரூரி என்பது அதன் அறிவியல் பெயர். இந்தப் பேரினத்தின் மற்ற இந்திய உறவினர்கள் எல்லாம் வடகிழக்கு மாநிலங்களில் இருக்க, இது மட்டும் தெற்கே தனித்து நிற்கிறது. மஞ்சள் இதழ், அதன் நடுவே இழுத்துவிட்ட கரும்பழுப்புக் கோடு, கீழே செருப்பின் முனைபோல் குழிந்த பை. அழகுதான் இதற்கு வினையானது.

1865இல் கர்னல் ஹீபர் ட்ரூரி திருவிதாங்கூர் மலைகளில் இதைக் கண்டார். சென்னை மாகாண வன அதிகாரி பெடோம் 1874இல் அவர் பெயரையே சூட்டி அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். பின்னர் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். 1970களில் மீண்டும் கிடைத்தது. ஆனால் செடி இருக்கும் இடம் தெரிந்ததும் சேகரிப்பாளர்கள் வேரோடு அள்ளிக்கொண்டு போனார்கள். கண்டுபிடிக்காமலே விட்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது.

அள்ளிய இடம் மறுபடி எளிதில் நிரம்பாது. பூவின் பைக்குள் விழும் பூச்சி, வந்த வழியில் திரும்ப முடியாமல், பின்பக்கச் சிறு வாசல் வழியே நெருக்கிக்கொண்டு வெளியேறும்போதுதான் மகரந்தம் ஒட்டுகிறது. பூச்சிக்குக் கூலியாகத் தேன்கூடக் கிடையாது; சுத்த ஏமாற்று. காய் பிடித்தால் விதைகள் தூசிபோல் ஏராளமாகக் கொட்டும். ஆனால் அவற்றில் முளைக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு இல்லை. மண்ணில் உரிய பூஞ்சை சேர்ந்து ஊட்டினால்தான் உயிர்ப்பிடிக்கும். முளைத்தாலும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் காட்டுத்தீ ஒன்று வந்துபோனால் போதும்.

சட்டம் கடுமையாகவே இருக்கிறது. உலகச் சிவப்புப் பட்டியலில் இது 'மிக அருகிய இனம்'. காட்டிலிருந்து எடுத்த செடியை நாடுவிட்டு நாடு விற்க, சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியல் தடை விதிக்கிறது. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் செருப்பு ஆர்க்கிட்டுகளுக்குத் தனி இடம் உண்டு. உரிமம் இல்லாமல் வளர்க்கவும் கூடாது.

வெளிநாட்டு ஆர்க்கிட் பிரியர்களின் கண்ணாடிக் குடில்களில் இதன் வாரிசுகளும் கலப்பினங்களும் செழிக்கின்றன. 'அப்படியானால் இனம் பிழைத்துவிட்டதே' என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தொட்டிச் செடிக்கு அந்தப் பூச்சியும் பூஞ்சையும் தேவையில்லை, மலைச் செடிக்குத் தேவை. அந்த வகையில் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் முயற்சியே சரியான வழி. அங்கே ஆய்வகக் குப்பிகளில் வளர்த்த நாற்றுகளை விஞ்ஞானிகள் அகத்தியமலையிலேயே கொண்டுபோய் நட்டார்கள். நட்டவை பிழைத்தால் மட்டும் போதாது. யாரும் நடாத நாற்று ஒன்று அவற்றின் அருகில் தானாக முளைக்க வேண்டும்.