ஒரு குருவிக்காக ஒரு தீவு

தென்னை சோறு போடும் மரம் என்பது நம் அனுபவம். சீஷெல்ஸ் நாட்டின் கசின் தீவிலோ அதே தென்னை ஒரு குருவியைப் பட்டினி போட்டது.

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கசின், சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள குட்டித் தீவு. அங்கிருந்த காட்டை அழித்துத் தோப்பு வைத்தார்கள். 15 கிராம் எடைதான் இருக்கும் சீஷெல்ஸ் கதிர்க்குருவி, இலைகளின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கித் தின்பது. தென்னங்கீற்றில் அதற்கு என்ன கிடைக்கும்? 1968-இல் 30-க்கும் குறைவான குருவிகளே மிஞ்சின. அப்போது உலகில் வேறெங்கும் அந்த இனம் இல்லை.

பறவை ஆர்வலர்கள் பல நாடுகளில் நன்கொடை திரட்டினார்கள். இன்று பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் எனப்படும் அமைப்பு, அதே ஆண்டில் தீவையே விலைக்கு வாங்கியது. பிறகு நடந்தது பொறுமையான வேலை: முளைக்கும் தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காடு திரும்பும்வரை காத்திருப்பது. பைசோனியா மரங்கள் தழைத்தன. நம் வீடுகளில் லெச்சக்கொட்டை கீரை என்று பறித்துச் சமைக்கிறோமே, அந்த இனம்தான். அதன் அகன்ற இலைகளில் பூச்சிக்குப் பஞ்சமில்லை. 1980-களின் தொடக்கத்தில் குருவிகள் முந்நூறைத் தொட்டன; அதற்கு மேல் கசினில் இடமில்லை.

1988-இல் 29 குருவிகளை அரிடே தீவுக்குக் கொண்டுபோனார்கள். சாக்லேட் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் கேட்பரி 1973-இல் இயற்கைப் பாதுகாப்புக்காக வாங்கிக் கொடுத்திருந்த தீவு அது. பின்னர் டெனிஸ், ஃப்ரேகாட் உள்ளிட்ட தீவுகளிலும் குடியேற்றினார்கள். இன்று ஐந்து தீவுகளில் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன.

கசின் ஆய்வுக்கூடமாகவும் ஆனது. குருவிகளின் காலில் வண்ண வளையமிட்டுக் கண்காணித்த நெதர்லாந்து விஞ்ஞானி யான் கோம்டர் குழு, 1997-இல் ஒரு வியப்பை வெளியிட்டது. இரை குறைந்த இடத்தில் பிறப்பவற்றில் 77 சதவீதம் ஆண். இரை செழித்த இடத்தில் 13 சதவீதமே ஆண். பெண் குஞ்சு வளர்ந்தபின் பெற்றோருடன் தங்கித் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும். வசதியான வீட்டில் அது உதவி. வறிய வீட்டிலோ இன்னொரு வாய். அதற்கேற்பத் தாய்க்குருவி முட்டையிடுகிறது!

தீவை வாங்கியது ஒருமுறைச் செலவு. காவலுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். சுற்றுலாப் பயணிகளின் கட்டணம் அதற்கு உதவுகிறது. ஆனால் அவர்கள் வந்த படகு கசின் கரையைத் தொடக்கூடாது. நடுக்கடலிலேயே தீவின் சொந்தப் படகுக்கு மாற வேண்டும். கசினில் எலி கிடையாது. அத்தனை காலம் பாடுபட்டு மீட்ட குருவியை அழிக்க, படகில் ஒளிந்து வரும் ஒரு சினை எலி போதும்.