பத்து டாலரில் கைக்கு வருவது எவ்வளவு?

நான் மதுரையில் இருந்துகொண்டு பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், சிவகாசித் தீப்பெட்டி லேபிள்கள், எப்போதாவது சில தபால்தலைகள் விற்கிறேன். கடை கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டு "ஆரம்பம் 100" என்பேன். "120", "150", "அண்ணே, 150 நான்தான் முதல்ல போட்டேன்" என்று வந்து விழும். பத்தரைக்குக் கதவைச் சாத்திவிடுவேன். என்ன விலைக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் எவ்வளவு என் கைக்கு வந்தது என்பது பணம் வந்த வழியைப் பொறுத்தது.

உள்ளூர் கணக்கு சுலபம். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது அரசின் விதி. 400 ரூபாய்க்கு ஏலம் போனால் 400 ரூபாயும் வரும். இந்த வியாபாரத்தில் எனக்கு முந்தைய தலைமுறை வி.பி.பி.யில் பார்சல் அனுப்பிவிட்டு, தபால்காரர் வசூலித்த பணம் மணியார்டராக வரும்வரை காத்திருந்தது. மணியார்டர் கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய். 400 ரூபாய் என்றால் 20 ரூபாய் போச்சு. அதை வாங்குகிறவர் கட்டினால் என்ன, நமக்கென்ன நஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். தபால் செலவையும் கமிஷனையும் மனதில் கழித்துக்கொண்டுதான் எவரும் ஏலம் கேட்பார். கடைசியில் அது விற்றவர் பணம்தான்.

பேமெண்ட் கேட்வே நிறுவனங்கள் லிங்க் அனுப்பிக் கார்டில் பணம் வாங்கும் வசதி தருகின்றன. பொதுவான ரேட் 2 சதவீதம்; விற்ற தொகை 2,000 ரூபாயைத் தாண்டினால் அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. 400 ரூபாய்க்கு 8 ரூபாய். பெரிய தொகை இல்லை. யார் எந்த லாட்டுக்குப் பணம் கட்டினார் என்று தானே பட்டியல் போட்டுத் தருவது உண்மையிலேயே உபகாரம். மாதம் நூற்றுக்கணக்கில் விற்பவருக்கு அது கட்டுப்படியாகும். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து லாட் போடுகிறவருக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

யுபிஐயிலும் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். "பேமெண்ட் ஃபெயில் ஆகுதுண்ணே" என்று மூன்று தடவை மெசேஜ் போடுவார். விசாரித்தால் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து வைத்திருப்பார். தனிநபர் க்யூஆருக்கு அந்தக் கார்டிலிருந்து பணம் போகாது. வியாபாரிக்கான க்யூஆர் வேண்டும். சிறு வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை அதற்கும் கட்டணம் இல்லை என்பதால், நடப்புக் கணக்கு ஒன்று தொடங்கி அந்த க்யூஆரை வாங்கிவிடுவது நல்லது.

கட்டணமே இல்லாத வழியில்தான் பெரிய நஷ்டமும் ஒளிந்திருக்கிறது. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள் என்பதை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஏலம் எடுத்தவர் ஒருவர், பணம் வருவது முன்பின் தெரியாத இன்னொரு பெயரிலிருந்து. அந்தப் பணம் எங்கோ ஏமாற்றிப் பறித்ததாக இருந்து, பறிகொடுத்தவர் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தால், பணம் கைமாறிய கணக்குகளை வரிசையாக முடக்கிக்கொண்டே வருவார்கள். 300 ரூபாய் லேபிளுக்காக நம் கணக்கும் அதில் மாட்டும். அப்புறம் வங்கிக்கும் போலீஸுக்கும் நடையாய் நடக்க வேண்டியதுதான். ஏலம் எடுத்தவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பார்சல் கட்டுவேன்.

பாட்டுப் புத்தகத்துக்கு உள்ளூரைவிட வெளியூரில்தான் ஆசை அதிகம். டொரண்டோ, கோலாலம்பூர், சிங்கப்பூர். சின்ன வயதில் தியேட்டர் வாசலில் வாங்கித் தொலைத்ததை இப்போது தேடுகிறார்கள். அங்கிருந்து வரும் பணத்துக்குப் பெரும்பாலும் பேபால்தான். உள்நாட்டு சேவையை 2021 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்ட பேபால், இந்தியாவில் இப்போது வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டுமே.

அதன் ரேட்டைப் பாருங்கள்: அதிகபட்சம் 4.4 சதவீதம், கூடவே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 30 சென்ட். 10 டாலர் புத்தகத்துக்கு 44-உம் 30-உம் சேர்ந்து 74 சென்ட் போய்விடும். மிச்சம் 9 டாலர் 26 சென்ட். அதை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையைவிட மூன்று நாலு சதவீதம் குறைத்துத்தான் தருவார்கள். நாலு என்று வைத்தால், கைக்கு வருவது ஏறத்தாழ 8 டாலர் 89 சென்ட். பதினோரு சதவீதம் காலி. இதே கணக்கை 100 டாலருக்குப் போட்டால் இழப்பு எட்டரை சதவீதம். வித்தியாசம் முழுக்க அந்த 30 சென்ட்டால் வருவது. விளம்பரத்தில் சதவீதத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். சின்ன விற்பனையை அரிப்பது அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிலைக் கட்டணம்.

டொரண்டோவில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் தவறாமல் வாங்குவார். "ஏன் தம்பி அவங்களுக்கு வீண் காசு? வெஸ்டர்ன் யூனியன்ல போட்டு விடுறன்" என்பார். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வழியில் இந்தியாவுக்கு வரும் பணம் குடும்பச் செலவு போன்ற சொந்தத் தேவைக்கு மட்டும். பொருள் விற்ற காசுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி இல்லை. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐயையும் இணைத்தார்களே, அதுவும் தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளத்தான். வங்கி மூலம் ஸ்விஃப்ட்டில் அனுப்பினால் அனுப்பும் வங்கி, நடுவில் ஒரு வங்கி, நம் வங்கி என்று ஆளாளுக்குப் பிடிப்பார்கள். சில்லறைத் தொகைக்கு அது சரிப்படாது.

பேபாலில் இன்னொன்று. பொருள் வரவில்லை என்று வாங்கியவர் புகார் செய்ய 180 நாள் அவகாசம் உண்டு. பரிவர்த்தனையில் இருக்கும் அதே முகவரிக்கு, டிராக்கிங் எண்ணோடு அனுப்பிய ரசீது இருந்தால்தான் நம் பக்கம் பேச முடியும். அதனால் பத்து டாலர் புத்தகமானாலும் சாதாரணத் தபாலில் போடுவதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், பிடித்த கட்டணம் திரும்பி வராது.

ஈபே இந்தியாவில் பைசாபே என்று ஒன்று இருந்தது. வாங்குகிறவர் கட்டும் பணத்தை நடுவில் நிறுத்தி வைத்து, பொருள் போய்ச் சேர்ந்தபின் விற்றவருக்குக் கொடுக்கும். 2018 ஆகஸ்ட்டில் ஈபே இந்தியா மூடியதோடு அதுவும் போனது. முகம் தெரியாத இரண்டு பேர் ஏலத்தில் கைகுலுக்க அதுதான் சரியான ஏற்பாடு. இன்றைக்குச் சிறு விற்பனையாளர்களுக்கு அப்படி எளிய வழி ஒன்று இல்லாதது பெரிய குறைதான்.

புதிதாக ஏலத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெளிநாட்டுக்குப் பத்து டாலர் பொருளைத் தனியாக விற்காதீர்கள்; ஒரே ஆள் எடுத்த ஐந்தாறு லாட்டைச் சேர்த்து ஒரே பில்லாகப் போடுங்கள், நிலைக் கட்டணம் ஒரு முறையோடு போகும். "பேபால் கட்டணம் தனி" என்று பில்லில் எழுதாதீர்கள், அவர்கள் விதி அதை அனுமதிப்பதில்லை. ஆரம்ப விலையிலேயே சேர்த்துவிடுங்கள். நாணயம் விற்பவராக இருந்தால் இன்னொன்றும்: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். எத்தனை டாலர் கொடுத்தாலும் அதை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது.